சோற்றில் கைவைத்த சத்தியமும் இரண்டு மொச்சைக்கொட்டையும்

தனசேகரன் அந்தச் சத்தியத்தைச் சும்மா வாய்வார்த்தையாகப் பண்ணியிருந்தால் எப்படியாவது மழுப்பியிருக்கலாம். மனுஷன் நாட்டுக்கோழிக் குழம்பு ஊற்றிய சோற்றில் கையை வைத்துக்கொண்டு பண்ணிவிட்டார். அவர் ஊரில் சாமி முன்னால் சொன்னதைக்கூட ஒரு பரிகாரம் செய்து மாற்றிக்கொள்வார்கள். சோற்றில் கை வைத்துச் சொன்னதை மாற்றினவன் மறுவேளைச் சோற்றுக்கு எந்த மூஞ்சியோடு உட்காருவான்?

விஷயம் ஒன்றும் பெரிதில்லை. கச்சிராயபாளையம் போகும் ரோட்டோரத்தில், கிணற்றடியில், அவர்களுக்கு ஓர் ஏக்கர் இருந்தது. கரும்பு வெட்டி ஆலைக்குப் போய்விட்டது. கட்டையை அப்படியே விட்டால் மறுதாம்பு தானாகத் துளிர்த்துவிடும். நடவு வேலை கிடையாது. தண்ணீரைத் திறந்துவிட்டு, மோட்டார் கொட்டகை நிழலில் கயிற்றுக்கட்டிலைப் போட்டுப் படுத்தால் அடுத்த வெட்டு வரைக்கும் பாட்டுக் கேட்கலாம். விவசாயத்திலேயே தனசேகரனுக்கு ரொம்பப் பிடித்த பகுதி அதுதான்.

அவருடைய மனைவி கண்ணகிக்கோ அந்தக் காணியில் சம்பங்கி போட வேண்டும். சங்கராபுரம் பக்கம் அவள் தம்பி அருள்மொழி சம்பங்கி போட்டு, வீட்டுக்கு மாடி எடுத்துவிட்டான். ஆனால் சம்பங்கி சோம்பேறிகளுக்கு ஏற்ற பயிர் இல்லை. விடிவதற்கு முன்னால் எழுந்து மொட்டாகப் பறித்தாக வேண்டும், தினம் தினம். மற்றவர்களுக்கெல்லாம் லீவு விடுகிற பண்டிகை நாளில்தான் பூக்காரனுக்கு வேலை ஜாஸ்தி. இதை நினைத்தாலே தனசேகரனுக்குக் கொட்டாவி வந்தது.

ஆகவே கண்ணகி சம்பங்கி என்று தொடங்கினாலே அவர் காதில் இயர்பட்ஸை மாட்டிக்கொள்வார். வயர் கிடையாது, குட்டியாய், வெள்ளையாய் இரண்டு. கண்ணகி அவற்றுக்கு மொச்சக்கொட்ட என்று பேர் வைத்திருந்தாள். பல் விளக்கும்போது காதில் ஏறினால் படுக்கும்போதுதான் இறங்கும். சத்தம் எப்போதும் உச்சத்தில். அதற்காகப் பெண்டாட்டி பேசுவதை மதிக்கவில்லை என்று யாரும் சொல்லிவிட முடியாது. அவள் வாய் அசைவது நின்றதும் சரியாக ஒரு "ம்" போடுவார். கதை கேட்கிற பிள்ளை உம் கொட்டுவதுபோல, எங்கே நிறுத்தினாலும் அங்கே ஒரு "ம்". இத்தனை காலம் அந்தக் குடும்பம் அந்த ஓர் எழுத்தில்தான் ஓடிக்கொண்டிருந்தது.

அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை. அருள்மொழி விருந்துக்கு வந்திருந்தான். பக்கத்து வீட்டு எழில்மதி குழம்பு வாங்கிப் போகக் கிண்ணத்தோடு நின்றிருந்தாள். மச்சான் இருக்கிறானே என்று தனசேகரன் மரியாதைக்கு ஒரு மொச்சையை மட்டும் கழற்றியிருந்தார். அதுதான் தப்பாய்ப் போயிற்று.

"பொழுதன்னிக்கும் இத மாட்டிக்கினு இருந்தா காது இன்னாத்துக்குங்க ஆவும்?" என்றாள் கண்ணகி.

"என் காது இன்னா உங்க வூட்டுக் காதா? எங்கப்பாருக்கு எம்பது வயசுலயும் வைக்கப்போருல எலி ஓடறது கேட்டுச்சு."

"அவரு மாட்டுக்குப் பக்கத்துல இருந்தாரு. மொச்சக்கொட்டக்குப் பக்கத்துல இல்ல. கோளாறு வந்தா இன்னா பண்ணுவீங்க?"

மச்சான் முன்னால் மட்டம் தட்டப்பட்ட மனுஷனுக்கு வீராப்பு வந்துவிட்டது. "வந்தா கெணத்தடிக் காணி உன்னுது. சம்பங்கி போடு, சாமந்தி போடு, ஏன்னு கேக்கமாட்டேன். சோத்துல கை வெச்சிக்கினு சொல்றேன், போதுமா?"

அருள்மொழி மெல்லுவதை நிறுத்தினான். எழில்மதி கிண்ணத்தை இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டாள். கண்ணகி மட்டும் புருஷன் இலையில் இன்னும் ஒரு கரண்டி குழம்பு ஊற்றினாள்.

அந்த வாரமே கண்ணகி மலைத்தேன் வேண்டும் என்றாள். தனசேகரன் மறு பேச்சில்லாமல் கல்வராயன் மலைமேல் இருக்கும் வெள்ளிமலைக்குப் பஸ் ஏறினார். பெண்டாட்டி மேல் பாசம் ஒருபக்கம் இருக்கட்டும், போக வர அத்தனை வளைவிலும் யாரும் குறுக்கே பேசாமல் பாட்டுக் கேட்கலாமே. பஸ் இரைச்சலுக்கு மேல் பாட்டு கேட்க வேண்டும் என்பதால் ஏற்கெனவே உச்சத்தில் இருந்த சத்தத்தை இன்னும் ஏற்ற முடியுமா என்றுகூடப் பார்த்தார். மலைமேல் பஸ்ஸை விட்டு இறங்கும் நேரத்துக்குச் சார்ஜ் தீர்ந்தது. கழற்றினார்.

கிர்ர்ர்ர் என்றது.

மலையென்றால் சில்வண்டு கத்தும். கல்வராயன் மலையில் மரத்துக்கு மரம் கத்தும். கத்திவிட்டுப் போகட்டும் என்று தேனை வாங்கிக்கொண்டு பஸ் ஏறினார். மலை இறங்கியது, மரம் போயிற்று, கச்சிராயபாளையம் கடைத்தெரு வந்தது. வண்டு நிற்கவில்லை. வீட்டுக்கு வந்து கைகால் கழுவினார். அப்போதும் கிர்ர்ர். சாப்பிட்டார், கிர்ர்ர். அப்போதுதான் அவருக்கு உறைத்தது, மலையிலிருந்து ஒரு சில்வண்டு டிக்கெட் எடுக்காமல் தன் காதுக்குள் உட்கார்ந்து வந்துவிட்டது என்று.

காதில் பூச்சி போனால் வெளிச்சம் காட்ட வேண்டும் என்பது அவருக்குத் தெரியும். மாட்டுக்கொட்டகைக்குப் பின்னால் போய், தலையைச் சாய்த்து, செல்போன் லைட்டைக் காதில் அடித்துக்கொண்டு நின்றார். வண்டு வரவில்லை. உப்புத் தண்ணீர் ஊற்றினார். சட்டை நனைந்தது, வண்டு நனையவில்லை. மறுபடியும் லைட் அடித்தபோது வேலிக்கு அந்தப் பக்கம் எழில்மதியின் தலை தெரிந்தது.

"இன்னாண்ணே, காதுல யாரத் தேடிக்கினு இருக்கீங்க?"

"சிக்னல் கெடைக்கலம்மா," என்று சொல்லிவிட்டு, கெத்தாக உள்ளே போனார்.

மறுநாள் உரம் வாங்கப் போவதாகச் சொல்லிவிட்டுக் கள்ளக்குறிச்சியில் காது டாக்டர் முன்னால் உட்கார்ந்திருந்தார். தேவிப்ரியா என்று சின்ன வயசுப் பெண். காதுக்குள் கருவியை விட்டுப் பார்த்துவிட்டு, வண்டும் இல்லை ஒன்றும் இல்லை என்றாள். காதில் எதையாவது மாட்டிப் பாட்டுக் கேட்கிற பழக்கம் உண்டா என்று கேட்டாள்.

"உண்டுங்க."

"எவ்ளோ நேரம்?"

"தூங்கறப்ப கழட்டிருவேங்க."

"சத்தம்?"

"ஃபுல்லுங்க. கம்மி பண்ணா எங்க வூட்ல பேசறது கேக்குதுங்க."

டாக்டர் சிரிப்பை அடக்கப் பேனாவைத் தேடினாள். கண்ணாடி அறையில் உட்காரவைத்து எல்லாம் சோதித்த பிறகு, கேட்கும் திறன் நன்றாகத்தான் இருக்கிறது, நல்ல வேளை என்றாள். இந்த இரைச்சலுக்குப் பல காரணம் இருக்கலாம், இதுதான் என்று அடித்துச் சொல்ல முடியாது, ஆனால் இத்தனை சத்தத்தை இத்தனை நேரம் காதுக்குள் விட்டால் காது சும்மா இருக்காது. ஒரு மாதம் அதைத் தொடவே கூடாது. அதற்காக ஒரு சத்தமும் இல்லாத இடத்திலும் உட்காரக் கூடாது, அப்போது இரைச்சல் பெரிதாகத் தெரியும். ஃபேன் ஓடட்டும், நாலு பேர் பேசுகிற இடத்தில் இருங்கள் என்றாள். அதோடு விட்டிருக்கலாம்.

"வீட்ல பேசறதக் கேட்டுட்டு உக்காருங்க. அதுவே நல்ல மருந்துதான்."

தனசேகரன் எத்தனையோ கசப்பு மருந்து குடித்தவர். இப்படி ஒன்றை யாரும் எழுதிக் கொடுத்ததில்லை.

திரும்பி வரும்போது பஸ்ஸில் யோசித்தார். இயர்பட்ஸ் இல்லாமல் வீட்டுக்குள் கால் வைத்தால் கண்ணகி ஏன் என்று கேட்பாள். ஏன் என்று சொன்னால் சோறு ஞாபகம் வரும். சோறு ஞாபகம் வந்தால் காணி போச்சு. ஊர் எல்லை வருவதற்குள் வழி கிடைத்துவிட்டது. பாட்டுத்தானே கூடாது? மொச்சையை மாட்டிக்கொள்வோம், பாட்டைப் போடாமல் விடுவோம். காதும் பிழைக்கும், காணியும் பிழைக்கும். தொடவே கூடாது என்று டாக்டர் சொன்னதை வசதியாக மறந்துவிட்டு, தன் மூளையைத் தானே மெச்சிக்கொண்டு இறங்கினார்.

மொச்சையை மாட்டிக்கொண்டு வாசலில் நின்று, "கண்ணகி, கொஞ்சம் தண்ணி குடு," என்றார். கண்ணகி சொம்பை நீட்டியபடி அவர் முகத்தையே ஒரு கணம் பார்த்தாள். பிறகு தன் வேலையைப் பார்க்கப் போனாள்.

முதல் சங்கடம் காதை அடைத்ததும் வந்தது. வெளிச் சத்தம் குறையவும் உள்ளே இருந்த கிர்ர்ர் தனிக் கச்சேரியாகக் கேட்டது. பல்லைக் கடித்துக்கொண்டு, பாட்டை ரசிப்பதுபோல் தலையை ஆட்டினார். இரண்டாவது சங்கடம் அதைவிடப் பெரிது. உச்ச சத்தத்தில் பாட்டு ஓடிய காலத்தில் கேட்காததெல்லாம் இப்போது அந்த அடைப்பையும் மீறிக் கேட்டது.

"சேவலு ரொம்பத்தான் சண்ட போடுது. எழில்மதிக்கே குடுத்துடறேன், சரிதானே?" என்றாள் கண்ணகி மூன்றாம் நாள்.

அது அவருடைய சேவல். அவர் கையில் கம்பு தின்று வளர்ந்த சேவல். வேண்டாம் என்று சொல்ல வாயைத் திறந்தவர் அப்படியே நின்றார். உச்ச சத்தத்தில் பாட்டுக் கேட்கிறவனுக்கு இது எப்படிக் கேட்டது? கண்ணகி பேச்சை நிறுத்திவிட்டுக் காத்திருந்தாள். வழக்கப்படி அங்கே என்ன வர வேண்டுமோ அது வந்தது.

"ம்."

சேவல் வேலி தாண்டிப் போயிற்று. மறுநாள் கண்ணகியின் அம்மா வந்து கொஞ்ச காலம் தங்கட்டுமா என்று கேள்வி வந்தது. "ம்." சாணி அள்ளுவது இனிமேல் நீங்கள் என்றாள். "ம்." அந்த மோட்டார் கொட்டகைக் கயிற்றுக்கட்டில் எங்கம்மாவுக்கு வேண்டியிருக்குமே என்றாள். இதற்கு மட்டும் "ம்" கொஞ்சம் அழுகையோடு வந்தது. முன்பெல்லாம் தெரியாமல் தலையை விட்டார். இப்போது ஒவ்வொன்றையும் தெளிவாகக் கேட்டு, அதன் கனம் அறிந்து, தலையை விட்டார். சாணியை அள்ளிக்கொண்டு போகும்போது வேலிக்கு அப்பால் அவருடைய சேவல் அவரை யாரோபோலப் பார்த்தது.

ஆனால் ஒன்றைச் சொல்லாமல் விட்டால் தனசேகரனுக்கு நியாயம் செய்ததாகாது. கண்ணகி பேசுவது எல்லாமே அவர் பயந்த மாதிரி இல்லை. எழில்மதியிடம் ஒருநாள் அவள் ஊர்க்கதை சொல்லிக்கொண்டிருந்தாள். கல்யாண வீட்டில் மாப்பிள்ளையின் சித்தப்பா மொய்ப்பணத்தோடு தூங்கிப்போன கதை. தனசேகரனுக்கு அடக்க முடியாமல் சிரிப்பு வந்தது, பாட்டுக்குச் சிரித்ததாகச் சமாளித்தார். இவள் இவ்வளவு தமாஷாகப் பேசுவாளா என்று இத்தனை வருஷம் கழித்துத் தெரிந்துகொண்டார். அவள் பேசிக்கொண்டிருக்கும்போது காதுக்குள் இருந்த கிர்ர்ர் எங்கேயோ ஒதுங்கிப் போய்விடுகிறது என்பதையும் கவனித்தார். அவருக்கு அது வெட்கமாகவும் இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது.

அந்தச் சந்தோஷத்தில் இருந்தபோதுதான் அருள்மொழி வந்தான். சாயங்காலம். கூடத்தில் தனசேகரன் மொச்சையோடு உட்கார்ந்து, வழக்கம்போலத் தலையை இப்படியும் அப்படியும் ஆட்டிக்கொண்டிருந்தார். எழில்மதி மறுபடியும் கிண்ணத்தோடு குழம்பு கேட்கிற சாக்கில் வந்து நின்றாள். கண்ணகி எதிரே வந்து உட்கார்ந்தாள்.

"கெணத்தடிக் காணியில ஏர் ஓட்டி, கரும்புக் கட்டையப் பேத்துட்டு, சம்பங்கி போட்றலாம்னு இருக்கேன். தம்பி கெழங்கு தர்றானாம். உங்களுக்குச் சம்மதந்தானே?"

தனசேகரனுக்கு வியர்த்தது. வேண்டாம் என்றால் காதில் விழுந்திருக்கிறது. காதில் விழுந்தால் பாட்டு ஓடவில்லை. பாட்டு ஏன் ஓடவில்லை என்று கேட்டால் காதில் கோளாறு. கோளாறு என்றால் சோறு, சோறு என்றால் காணி அவளுக்கு. சரி, "ம்" என்றால்? அப்போதும் காணி அவளுக்கு. எந்தப் பக்கம் போனாலும் சம்பங்கி.

அவர் வாயை இறுக்கி மூடிக்கொண்டார். இன்று "ம்" கிடையாது. செத்தாலும் கிடையாது. பாட்டில் மூழ்கிப் போனவர்போலக் கண்ணை மூடிக்கொண்டு தலையை இன்னும் நன்றாக ஆட்டினார். மேலும் கீழும், மேலும் கீழும்.

"பாத்துக்கோடா தம்பி, தலையாட்டிட்டாரு," என்றாள் கண்ணகி.

"நல்லாவே ஆட்டறாருக்கா," என்றான் அருள்மொழி.

"நானும் பாத்தேன்," என்றாள் எழில்மதி.

இரண்டு நாளில் டிராக்டர் வந்தது. அதற்கப்புறம் மினி வேனில் கிழங்கு மூட்டை வந்து இறங்கியது. மறுதாம்பு துளிர்விட்டிருந்த கட்டைகள் வேரோடு புரண்டு கிடந்ததைப் பார்த்ததும் தனசேகரனுக்குப் பொறுக்கவில்லை. காதில் இருந்த இரண்டையும் பிடுங்கிக் கையில் வைத்துக்கொண்டு வரப்பில் நின்ற கண்ணகியிடம் போனார்.

"இன்னாடி அநியாயம் இது? நானு சம்மதம்னு சொன்னனா? பாட்டுக்குத் தலையாட்டினதப் புடிச்சிக்கினு நெலத்த ஓட்டுவியா?"

"எந்தப் பாட்டுக்குங்க?"

"ஏதோ ஒரு பாட்டு. உனக்கு இன்னாத்துக்கு அது?"

கண்ணகி இடுப்பில் செருகியிருந்ததை எடுத்தாள். சின்னதாய், வெள்ளையாய் ஒரு டப்பா. இயர்பட்ஸுக்குச் சார்ஜ் ஏற்றுகிற டப்பா. அது இல்லாமல் அந்த மொச்சைகள் ஒரு பொழுதுகூடத் தாண்டாது.

"நீங்க கள்ளக்குறிச்சி போய்ட்டு வந்த அன்னியிலேர்ந்து இது எங்கிட்டதாங்க கீது. ஒரு நாளாச்சும் எங்கடின்னு தேடினீங்களா? சார்ஜே இல்லாம எந்தப் பாட்டு பாடிச்சு?"

தனசேகரன் கையிலிருந்த இரண்டையும் பார்த்தார். அவையும் அவருக்குச் சாதகமாக ஒன்றும் சொல்லவில்லை.

"எப்படித் தெரிஞ்சிது?" என்றார், குரல் இறங்கி.

"மொச்சக்கொட்டையோட நீங்க பேசினா கோமுகி அணை வரைக்கும் கேக்கும். உங்களுக்குக் கேக்கலன்னு ஊருக்கே கத்துவீங்க. அன்னிக்கு வந்து, கொஞ்சம் தண்ணி குடுன்னு நைசா கேட்டீங்க. கல்யாணமான புதுசுல கேட்டாப்பல. முந்தின நாளு எழில்மதி வேற, அண்ணன் காதுல லைட் அடிச்சிக்கினு நிக்கிறாருன்னு சொன்னா. எனக்குத் திக்குனு ஆயிடுச்சு. காதே போயிடுச்சோன்னு ரெண்டு நாளு சோறு எறங்கல. அப்பறந்தான் சேவலக் கேட்டுப் பாத்தேன். உங்க மூஞ்சி போன போக்கப் பாத்ததும் காது நல்லாத்தான் கீதுன்னு தெரிஞ்சிக்கினேன்."

"அன்னிக்கே கேட்டிருக்கலாம்ல?"

"கேட்டா கழட்டிப் போட்டுட்டு மோட்டார் கொட்டாயிக்குப் போயிருப்பீங்க. இந்தக் கொஞ்ச நாளாத்தாங்க நான் பேசறத நீங்க கேட்டீங்க."

இவள் பயந்திருக்கிறாள், சாப்பிடாமல் இருந்திருக்கிறாள், தனக்குத் தெரியவில்லை. தனசேகரன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கிழங்கு மூட்டையை அவிழ்த்தார். மொச்சைகள் டப்பாவுக்குள் போயின. டப்பா கண்ணகியின் இடுப்புக்குப் போயிற்று.

அன்று முதல் டாக்டர் சொன்னபடியே அதைத் தொடவில்லை. ஒரு மாதம் கழித்துக் கள்ளக்குறிச்சி போனபோது டாக்டர் சோதித்துப் பார்த்துவிட்டு, நல்ல முன்னேற்றம், இப்படியே இருங்கள் என்றாள். கிர்ர்ர் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கி, பிறகு தேடினால்தான் கேட்கும் என்கிற அளவுக்கு வந்து, ஒருநாள் தேடினாலும் கிடைக்கவில்லை.

சம்பங்கியும் வஞ்சகம் செய்யவில்லை. வாசனை ரோடு வரைக்கும் அடித்தது. விடிவதற்கு முன்னால் தனசேகரன் கூடையோடு நின்றார். மாமியார் மோட்டார் கொட்டகையில் அவருடைய கயிற்றுக்கட்டிலில் உட்கார்ந்து, அந்தப் பக்கம் விட்டுவிட்டீர்கள் மாப்பிள்ளை என்று கைகாட்டினாள். சோம்பேறித்தனம் என்பது மனுஷனை விட்டு அவ்வளவு சீக்கிரம் போய்விடுமா? பனியில் விரல் விறைத்த ஒரு விடியற்காலையில் அவருக்குள் பழைய தனசேகரன் எழுந்துகொண்டார்.

சட்டப்படி பார்த்தால் அவர் பக்கமும் நியாயம் இருந்தது. கோளாறு வந்தால் காணி உன்னுது என்றுதானே சத்தியம்? இப்போது கோளாறு போய்விட்டதே. பக்கத்துப் பாத்தியில் கண்ணகி, பனிக்குத் துண்டைத் தலையில் இழுத்துக் கட்டிக்கொண்டு, குனிந்து பறித்துக்கொண்டிருந்தாள். தனசேகரன் தொண்டையைக் கனைத்தார்.

"கண்ணகி, யோசிச்சுப் பாரு. காது சரியாயிடுச்சு, அப்ப சத்தியமும் முடிஞ்சி போச்சு, இல்லியா?"

"ம்," என்றாள் கண்ணகி.

இவ்வளவு சுலபமாக இருக்கும் என்று அவர் எதிர்பார்க்கவில்லை. உற்சாகம் பொங்கிவிட்டது. முழுக்க வேண்டாம், பாதியில் மட்டும் அடுத்த பட்டத்தில் கரும்பு வைக்கலாம் என்றார். "ம்." பறிக்க ஆள் வைத்துக்கொள்ளலாம், நம் இடுப்பு என்ன இரும்பா என்றார். "ம்." கயிற்றுக்கட்டிலுக்கு உங்கம்மாவிடம் நீயே பக்குவமாகச் சொல்லிவிடு என்றார். "ம்." அந்தச் சேவலையும் திருப்பிக் கேட்டுப் பார்க்கலாம் என்றார். அதற்கும் "ம்."

தனசேகரனுக்குக் கண் கலங்கிவிட்டது. இப்படி ஒரு பெண்டாட்டியையா இத்தனை நாள் சந்தேகப்பட்டோம் என்று, கூடையைக் கீழே வைத்துவிட்டு அவள் முன்னால் போய் நின்றார்.

புருஷன் வேலையை விட்டுவிட்டு எதிரில் நிற்பதைப் பார்த்துக் கண்ணகி நிமிர்ந்தாள். தலையில் கட்டியிருந்த துண்டுக்குள் விரலை விட்டு, காதிலிருந்து ஒரு மொச்சைக்கொட்டையைக் கழற்றினாள்.

"இன்னாங்க, ஏதாச்சும் சொன்னீங்களா?"